கொரியக் கிழக்குக் கரையில் டிராமா ஊர்களைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பி ஒருவர் எக்செல் தாள் ஒன்றை அனுப்பியிருந்தார். ஒரு நாள், பதினோரு இடங்கள். கலர் கலராகக் கட்டங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே எந்த எபிசோடு, எத்தனையாவது நிமிடம் என்ற குறிப்பு, நாயகன் நின்ற பக்கம் இடமா வலமா என்பது வரைக்கும் இருந்தது. ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் அதே தாளை, கிட்டத்தட்ட அதே கலர்களோடு, 2022-ல் நான் போட்டிருந்தேன்.

வேலைக்காகக் கொரியாவில் இருப்பதால் ஊரிலிருந்து யார் வந்தாலும் "அந்த டிராமா எடுத்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ" என்பதுதான் முதல் கோரிக்கை. நாலைந்து முறை காரில் போய் வந்துவிட்டேன். பவர் பேங்க் எடுத்துப் போ, குடை வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அது உங்கள் அம்மாவே சொல்வார். நான் சொல்ல வருவது காசையும் நாளையும் தின்கிற தவறுகளை.

கதையில் ஒரே ஊர், நிலத்தில் நாலைந்து ஊர்

இதுதான் பெரிய தவறு. இன்னும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

2021-ல் வந்த ஹோம்டவுன் சா-சா-சா பார்த்தவர்களுக்கு கோங்ஜின் என்ற கடலோரக் கிராமம் கண்ணில் நிற்கும். பல் மருத்துவமனை, காபிக்கடை, சீன உணவகம், மளிகைக்கடை, துறைமுகம், சிவப்புக் கலங்கரை விளக்கம், மலை மேல் நிற்கும் நாயகனின் படகு, எல்லாமே கூப்பிடு தூரத்தில் இருப்பது போலத் தெரியும். கோங்ஜின் என்று ஓர் ஊரே கிடையாது. போஹாங் நகராட்சியின் வடக்குப் பகுதியில் சிதறிக் கிடக்கும் இடங்களை எடிட்டிங் மேசையில் ஒட்டித் தைத்த ஊர் அது. கடைத்தெரு எடுத்தது சொங்ஹா சந்தையில். அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் தெரியாது, மூன்று நான்கு கிலோமீட்டர் போக வேண்டும். பல் மருத்துவமனையாக வந்த கட்டடம் கடலை ஒட்டிய இன்னொரு சிற்றூரில். படகு இருப்பது சபாங் நினைவுப் பூங்கா என்ற குன்றின் மேல், சந்தையிலிருந்து வண்டியில்தான் போக முடியும். (அந்தப் பூங்கா டிராமாவுக்காக உண்டானது இல்லை. மொட்டையாகக் கிடந்த அந்தப் பக்கத்து மலைகளில் 1970-களில் மண்ணரிப்பைத் தடுக்க மரம் வைத்தார்கள், அதன் நினைவாக அமைத்தது. படகைப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் இறங்கிவிடுகிறார்கள், அந்தக் கதையைப் படிக்க ஒருவரும் நிற்பதில்லை.)

அது பரவாயில்லை, ஒரு மணி நேரத்துக்குள் சுற்றிவிடக்கூடிய சிதறல்தான். அடுத்த டிராமாவையும் சேர்க்கும்போதுதான் சிக்கல். 2019-ல் வந்த வென் த கமீலியா ப்ளூம்ஸ் எடுத்த குர்யோங்போவும் போஹாங்தான் என்று இணையத்தில் போட்டிருக்கும். ஆமாம், போஹாங்தான். ஆனால் போஹாங் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த நகராட்சி. சொங்ஹா வடகோடி, குர்யோங்போ தென்கிழக்கு முனை. நடுவில் நகரம், இரும்பாலை, சிக்னல்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

என் 2022 தாளுக்கு வருகிறேன். நவம்பர் மாதம், நான்கு பேர். இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்தவர்கள். காலை ஒன்பது மணிக்குக் காங்னுங் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் வாடகைக் கார் எடுத்து, முதலில் ஜுமுன்ஜின் பக்கம் யோங்ஜின் கடற்கரையில் காப்ளின் டிராமாவின் அலைத்தடுப்பு, பிறகு ஜொங்டோங்ஜின் ரயில் நிலையம், அப்படியே தெற்கே உல்ஜின், சொங்ஹா சந்தை, படகு, கடைசியாகக் குர்யோங்போ படிக்கட்டு, இரவு எட்டு மணிக்குக் காங்னுங்கில் காரை ஒப்படைத்துவிட்டு சியோலுக்குக் கடைசி ரயில். திட்டம் போடும்போது எல்லாமே கிழக்குக் கடற்கரைதானே என்ற நினைப்பு. ஜுமுன்ஜினிலிருந்து குர்யோங்போ ஏறக்குறைய 280 கிலோமீட்டர். ஒரு வழி மட்டும். சென்னையிலிருந்து பாண்டிச்சேரி போய்த் திரும்பும் தூரம், நடுவில் ஆறு இடத்தில் இறங்கி ஏறிப் படம் எடுத்துக்கொண்டு, பிறகு அதே தூரம் திரும்பி!

சொங்ஹா சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நாலே முக்கால். பாதிக் கடைகள் மூடிவிட்டன. குன்றின் படிகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் ஏறினோம், மேலே படகு கறுப்பாக ஒரு உருவமாக நின்றது, அதற்குப் பின்னால் கடல் என்று நம்ப வேண்டியதுதான். குர்யோங்போவை வெட்டினோம். எங்களில் ஒருத்தி அந்தப் படிக்கட்டுக்காகவே வந்தவள், கமீலியா போஸ்டரில் இருப்பதைப் போல உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தவள். வண்டியில் "சரி விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

காங்னுங் திரும்பியபோது இரவு பதினொன்றரை. வாடகை நிலையம் மூடிக் கிடந்தது. மறுநாள் வாடகை, ஒரு மோட்டல் அறை, புது ரயில் டிக்கெட், நான்கு பேருக்கும். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நேரம் எல்லாம் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதித்தான் இருந்தது. வரைபடத்தைப் பார்க்காமல் எபிசோடு வரிசையில் யோசித்தது நான்.

இதைவிடப் பெரிய ஆளையும் பார்த்திருக்கிறேன். கமீலியாவில் வரும் ஓங்சான் கற்பனை ஊர், கதைப்படி அது மேற்கே சுங்சோங் பகுதி, பாத்திரங்கள் பேசுவதும் அந்தப் பக்கத்து வட்டார வழக்கு. ஒருவர் அதை எங்கோ படித்துவிட்டு மேற்குக் கடற்கரையில் அறை போட்டுவிட்டார். நாட்டின் மறு ஓரம்! காப்ளினும் சளைத்தது இல்லை. நாயகி பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுவது கிழக்குக் கரையில், அந்த வெள்ளை பக்வீட் பூ வயல் இருப்பது தென்மேற்கே கோச்சாங்கில். கையில் பூவோடு நாயகன் கடலுக்கு வந்து நின்றதும் வயல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம் மூளை முடிவு செய்துவிடுகிறது.

அதனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தெற்கு என்றால் போஹாங்: சொங்ஹா, படகு, குர்யோங்போ, இதற்கே ஒரு முழு நாள் சரியாக இருக்கும், இரவு தங்கினால் இன்னும் நல்லது. வடக்கு என்றால் காங்னுங்: யோங்ஜினும் ஜொங்டோங்ஜினும், நடுவே நாற்பது கிலோமீட்டர் அளவு. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இரவு ஒதுக்குங்கள், எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பித் தருவதாகப் போடாதீர்கள். வேறு ஊரில் விடக் கூடுதல் கட்டணம் உண்டு, முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கிழக்குக் கரை ரயில் பாதை முழுதாக இணைந்துவிட்டது, காங்னுங்கிலிருந்து போஹாங்குக்கு ரயிலிலேயே வரலாம். இரண்டு முனையிலும் ஆளுக்கொரு நாள் கார் எடுத்தால் நடுவில் வண்டி ஓட்டும் அலுப்பே இல்லை. எனக்கு இப்போது பிடித்தது இதுதான்.

ஏழாம் எண் சாலையில் கடல் தெரியும் என்று நம்புவது

தேசிய நெடுஞ்சாலை 7 கிழக்குக் கரை நெடுக ஓடுகிறது, உண்மைதான். ஆனால் நான்கு வழியாக அகலப்படுத்திய பகுதிகள் ஊர்களை ஒதுக்கிவிட்டுச் சற்று உள்ளே தள்ளி, மலையைக் குடைந்து போகின்றன. வேகமாகப் போகலாம், கடலை விட்டுவிட்டுச் சுரங்கத்தை எண்ணலாம். கடலோரமாகப் போகும் பழைய ஊர்ச் சாலைகள் தனி. நேரம் இரட்டிப்பாகும். முழுப் பயணத்துக்கும் அதில் போக ஆசைப்படாமல் இருபது முப்பது கிலோமீட்டர் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டும் கருவியான நேவியை அதன் போக்கில் விட்டால் உங்களைப் பெரிய சாலையில்தான் ஏற்றும், நடுவில் ஒரு மீன்பிடித் துறையை நிறுத்தமாகப் போட்டால் கடலோரம் இறங்கும்.

நேவியைப் பற்றி இன்னொன்று. ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைத் தட்டி அல்லாடாதீர்கள், ஒரே பெயரை மூன்று விதமாக எழுதுவார்கள். கொரிய வரைபடச் செயலிகளான நேவர் மேப்பிலோ காகாவ் மேப்பிலோ கொரிய எழுத்துப் பெயரை ஒட்டித் தேடுங்கள். காரில் உள்ள நேவியில் அந்த இடத்தின் தொலைபேசி எண்ணைப் போட்டாலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

வலது திருப்பம்

இங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். அது அரை மணி நேரத்தில் பழகிவிடும். பழகாதது வலது திருப்பம். நம் ஊரில் இடப்பக்கம் ஃப்ரீ லெஃப்ட் எடுத்த கை, இங்கே வலப்பக்கம் தானாகத் திரும்பும். எதிரே சிக்னல் சிவப்பாக இருந்தால் முழுதாக நின்றுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் சட்டம். மெதுவாக உருட்டிக்கொண்டு போவது நிற்பது ஆகாது. பள்ளிப் பகுதிகளில் 30-க்கு மேல் போனால் கேமரா பிடிக்கும், கடலோரக் கிராமங்களிலும் பள்ளிகள் உண்டு. அபராதம் நீங்கள் ஊர் திரும்பிய பிறகு சாவகாசமாக வரும்.

சர்வதேச ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாது, ஊரில் வாங்கிய அசல் உரிமமும் பாஸ்போர்ட்டும் கூடவே வேண்டும். அசலை வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வந்த ஒருவர் பின்சீட்டிலேயே ஊர் பார்த்தார்.

நாயகியின் வீடு

அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஹோம்டவுன் சா-சா-சா ஓடிக்கொண்டிருந்தபோதே வீடுகளுக்கு வராதீர்கள் என்று தயாரிப்புக் குழு கேட்டுக்கொண்டது. போகாதீர்கள்.

வெளிச்சம்

கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும், மலைக்குப் பின்னால் விழும். இதை எல்லாரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம், ஆனாலும் கடலில் சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று வருகிறவர்கள் குறைவதில்லை. முற்பகலில் கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்தால் முகம் கரி. பிற்பகலில் வெளிச்சம் நிலத்துப் பக்கமிருந்து வந்து முகத்தில் விழும். அதனால் கடல் பின்னணி வேண்டிய யோங்ஜினைப் பிற்பகலுக்கும், சந்தையையும் படிக்கட்டையும் காலைக்கும் வைக்கலாம். நவம்பர், டிசம்பரில் மேற்கே மலை இருப்பதால் நாலரைக்கே வெளிச்சம் வடிந்துவிடும், அதை நான் படகுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன்.

யோங்ஜினில் இன்னொரு வேடிக்கை, ஒரே மாதிரி அலைத்தடுப்புகள் வரிசையாகப் பல இருக்கும். வார இறுதி என்றால் வரிசை நிற்பதைப் பார்த்துச் சரியானதைக் கண்டுபிடித்துவிடலாம். டிராமாவில் வந்தது பனிக்காலத்துக் கொந்தளிக்கும் கடல், கோடையில் போனால் அமைதியான தண்ணீரில் நீட்டிக்கொண்டிருக்கும் சிமெண்ட் திண்ணைதான் இருக்கும். ஏமாற்றமாக இருக்கிறது என்று முகத்தைத் தூக்காதீர்கள்.

டெட்ராபாட் மேல் ஏறுவது

வேண்டவே வேண்டாம். அந்த நான்கு கால் சிமெண்ட் கட்டைகளுக்கு நடுவே வழுக்கி விழுந்தால் மேலே ஏறப் பிடிமானம் கிடையாது, கூப்பிட்டாலும் வெளியே கேட்காது.

சிவப்பு மஃப்ளர்

காப்ளின் நாயகி கழுத்தில் இருப்பது போல ஒன்றைத்தானே கேட்கிறீர்கள்? கொண்டு வாருங்கள், வெட்கமென்ன.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டிருப்பார்கள் என்றோ, எல்லாம் அப்படியே இருக்கும் என்றோ நினைப்பது

இரண்டும் நடக்கும். உல்ஜினில் ஜுக்ப்யோன் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் செங்குத்துப் பாறை ஓரமாக ஒரு வீடு நிற்கிறது. 2004-ல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காகப் போட்ட செட். அந்தத் தொடரின் பெயர் என் நண்பர்கள் யாருக்கும் தெரியாது, வீட்டைப் பார்க்க மட்டும் கூட்டம் வருகிறது. ஜொங்டோங்ஜின் இன்னும் பழைய கதை. 1995-ல் வந்த சாண்ட்கிளாஸ் தொடருக்குப் பிறகுதான் அந்தச் சின்ன ரயில் நிலையம் புகழ் பெற்றது, பக்கத்துப் பூங்காவில் எட்டு டன் மணல் ஓராண்டு முழுக்க இறங்கும் மணற்கடிகாரமே வைத்துவிட்டார்கள். தொடரைப் பார்க்காமல் போனாலும் நடைமேடையிலிருந்து கடலைப் பார்க்கலாம், அதற்கே போகலாம்.

குர்யோங்போவோ டிராமாவுக்கு முன்பே கதை உள்ள தெரு. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய மீனவர்கள் குடியேறிக் கட்டிய வீடுகள். அந்தப் படிக்கட்டின் இருபுறமும் உள்ள கல்தூண்களில் முன்பு ஜப்பானியர் பெயர்கள் பொறித்திருந்தன, விடுதலைக்குப் பிறகு அவற்றைச் சிமெண்ட் பூசி மறைத்துத் தூண்களைத் திருப்பி நட்டுக் கொரியர் பெயர்களைப் பொறித்தார்கள். உட்கார்ந்து படம் எடுத்த பிறகு எழுந்து தூண்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். "சரி விடு" சொன்னவள் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்தாள், அந்தப் படிகளில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், வேறு எங்கும் போகவில்லை.

தம்பி நேற்று திருத்திய தாளை அனுப்பினார். போஹாங் மட்டும், நான்கு இடங்கள், கிலோமீட்டருக்குத் தனிக் கட்டம். நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரியில் சின்ன எழுத்தில் "நேரம் இருந்தால் ஜுமுன்ஜின்" என்று இருந்தது.