நின்று களைத்த கால்களுக்கு ராத்திரி அரை மணி நேரம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடம் புடவை விரித்துக் காட்டும் வேலை பார்த்தேன். காலை பத்து மணிக்கு நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பதரை ஆகும். கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021-ல்தான். நான் நின்றதெல்லாம் அதற்கு முன்னால். அறைக்குத் திரும்பியதும் கூட வேலை பார்த்த ஓர் அக்கா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து அழுத்திவிடுவார். அவரிடம் பழகிய கைதான் இது. பிறகு ஒரு வகுப்பில் சேர்ந்து ரிஃப்ளெக்ஸாலஜியை, அதாவது பாதத்தின் ஒவ்வோர் இடமும் உடலின் ஒரு பகுதிக்கு உரியது என்று சொல்லி அங்கே அழுத்தும் முறையை, முறையாகவும் கற்றேன். இப்போது தினமும் அம்மாவின் காலுக்குச் செய்கிறேன். அம்மாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை.

வகுப்பில் கால் படம் ஒன்று தருவார்கள். விரல்கள் தலைக்கு, விரலடி மேடு நெஞ்சுக்கு, நடுப்பள்ளம் வயிற்றுக்கு, குதிகால் இடுப்புக்கு, உள்விளிம்பு முதுகெலும்புக்கு. உடலைப் பத்து மண்டலமாகப் பிரித்தவர் ஃபிட்ஜெரால்ட் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர். அதைப் பாதத்தில் வரைபடமாக்கியவர் 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட். அந்தப் படத்தை நான் அழுத்தும் வரிசைக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். பாதத்தில் ஒரு புள்ளியை அழுத்தினால் சிறுநீரகம் சரியாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. களைப்பு இறங்கும், மனசு அடங்கும், தூக்கம் வரும். அதற்காகவே செய்யலாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். பாதி வேலை அழுத்துவதற்கு முன்பே இருக்கிறது: காலைப் பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகத்தோரம் எல்லாம் பாருங்கள். புண், சேற்றுப்புண், கொப்புளம் இருந்தால் அன்றைக்கு அழுத்த வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை சூடாகவோ சிவந்தோ இருந்தால் தொடவே கூடாது. ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல், எலும்பு முறிவு இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னொரு சோதனை. கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக உங்கள் ஆள்காட்டி விரலால் லேசாக, ஓரிரு நொடி தொடுங்கள். குத்தவோ தட்டவோ கூடாது. இரண்டு காலிலும் சேர்த்து ஆறு தொடுதல். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள். இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். ஒருநாள் பக்கெட்டில் வெந்நீர் வைத்து அம்மாவின் காலை முக்கினேன். "சூடே இல்லையேம்மா" என்றார், இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுநாள் காலையில் சுண்டுவிரலை ஒட்டி ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம். ஆற ஆறு வாரம் ஆனது. அன்றிலிருந்து அம்மாவுக்குக் காலை முக்குவதே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில், அதுவும் என் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு, கழுவித் துடைப்பதோடு சரி.

விரலிடுக்கை ஈரம் இல்லாமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அதிகமானால் கை வழுக்கி அழுத்தம் நிற்காது. விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

யாருக்கு அழுத்துகிறீர்களோ அவரை நாற்காலியில் சாய்ந்து உட்கார வைத்து, நீங்கள் எதிரே உட்கார்ந்து, மடியில் தலையணை போட்டுக் காலை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் பாதத்தை இரண்டு கையாலும் பொத்தி அரை நிமிடம் சும்மா வைத்திருங்கள். கணுக்காலை மெதுவாக இரு பக்கமும் சுழற்றுங்கள். அப்புறம் கட்டைவிரல் வேலை: ஒரு கை பாதத்தைப் பிடித்திருக்க, மற்றக் கையின் கட்டைவிரல் முதல் கணுவில் மடங்கி நிமிர்ந்து, புழு ஊர்வது போல முன்னோக்கியே நகர வேண்டும். தேய்க்கக் கூடாது, நகம் படக் கூடாது. குதிகாலில் தொடங்கி ஒவ்வொரு விரலை நோக்கியும் ஒரு கோடு, ஆக ஐந்து கோடு. பிறகு உள்விளிம்பில் கட்டைவிரலிலிருந்து குதிகால் வரை ஒன்று. ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை உருட்டிவிடுங்கள். நின்று வேலை பார்த்தவர்களுக்கு விரலடி மேட்டிலும் குதிகாலின் முன்பக்கத்திலும்தான் இறுக்கம் இருக்கும். அங்கே கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள்.

எவ்வளவு அழுத்துவது? முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்கினால் குறையுங்கள். வலித்தால்தான் வேலை செய்யும் என்பது தவறு. கால் மரத்துப்போனவர்களுக்கு முகமும் சொல்லாது. அவர்களுக்கு உள்ளங்கையால் தடவிக் கொடுப்பது மட்டும்தான். கால் ஆணியையோ காய்ப்பையோ பிளேடால் சீவ வேண்டாம்.

ஒரு காலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். முடித்ததும் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுங்கள், மொசைக் தரையில் வழுக்கும். எழுந்து நடக்க ஐந்து நிமிடம் போகட்டும்.

என் அம்மா முதல் கால் முடிவதற்குள் தூங்கிவிடுவார். அதனால் இப்போது ஒரு நாள் வலது காலில் ஆரம்பித்தால் மறுநாள் இடது காலில் ஆரம்பிக்கிறேன்.