ரப்பர் விளையில் முதல் தேன்பெட்டி: மழைக்காலத்தைத் தாண்டிவிட்டால் மீதி தானே நடக்கும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, பத்துகாணி பக்கம் புதிதாகத் தேன்பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு பெட்டிக்கு எவ்வளவு தேன் கிடைக்கும்?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி, ஆவணி மாதம் பெட்டிக்குள் ஈ இருக்குமா என்பது. நம்மூர் ரப்பர் தை, மாசியில் அள்ளிக் கொடுக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கினால் ஒன்றும் கொடுக்காது. இந்தப் பதிவில் பாதி அந்த மழை மாதங்களைப் பற்றித்தான்.

எப்போது வாங்குவது

நவம்பரில், துலாம் மழை (வடகிழக்குப் பருவமழை) விட்டுவிட்டுப் பெய்யும்போது வாங்குங்கள். அப்போது வாங்கும் கூடு மெல்லப் பெருகி, ரப்பர் தளிர்க்கும்போது முழுப்பலத்தில் நிற்கும். தேன் சீசன் முடிந்ததும் மலிவாகக் கிடைக்கிறதே என்று மே மாதம் வாங்க வேண்டாம். வந்த கையோடு மழை பிடித்துக்கொள்ளும், சர்க்கரைச் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும்.

அடுக்குத் தேனீயே போதும். பொந்துகளில் தானாகக் குடியேறும் நம்ம நாட்டு ஈதான் அது. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்று ஆசை காட்டுவார்கள். அதற்குத் தீனியும் கவனிப்பும் அதிகம், முதல் ஆண்டில் அது வேண்டாத வேலை.

விற்பவரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ராணியைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், முட்டையைப் பாருங்கள். அடை கட்டியிருக்கும் சட்டத்தைத் தூக்கி, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி பிடித்தால், அறையின் அடியில் அரிசி நொய்யைவிடச் சிறிதாக ஒரு வெள்ளைத் துணுக்கு நிமிர்ந்து நிற்பது தெரியும். மூன்று நாளில் அது புழுவாகிவிடும். ஆக, முட்டை இருந்தால் கடந்த மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை கிடந்தால், ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே இடத் தொடங்கிவிட்டன. அந்தப் பெட்டி வேண்டாம்.

புழுக்கள் மல்லாந்து செத்துக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். சாமணத்தால் இழுத்தால் நீர் கோத்த பை மாதிரி வந்தால் அது பைப்புழு நோய். 1991, 92 வாக்கில் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் பெட்டிகளை வெறுமையாக்கிய வைரஸ் இதுதான். மருந்து கிடையாது. நோய்க்குத் தாக்குப்பிடித்த கூடுகளிலிருந்து பிரித்தெடுத்தவைதான் நம்பிக்கையானவை.

சாமான்கள்

பெட்டிக்கு அயனிப் பலகை எனக்குப் பிடித்தம், மழையைத் தாங்கும். புதுப் பெயின்ட் வாசனை போகுமுன் ஈயை விடாதீர்கள். முகவலை கண்டிப்பாக வேண்டும். கையுறை வேண்டாம் என்பது என் கட்சி. விரலுக்கு உணர்வு இல்லாமல் ஈயை நசுக்குவீர்கள், நசுங்கிய ஈயின் வாசனைக்கு மற்றவை கொட்ட வரும். புகைக்குக் காய்ந்த கதம்பலை (தேங்காய் மட்டை) கொளுத்திக் காட்டினால் போதும், புகைப்பான் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுங்கள். உடம்பு முழுக்கத் தடிப்பதும் மூச்சு முட்டுவதும் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி, வீட்டு வைத்தியம் கிடையாது.

பெட்டியை ஒற்றைக் கால் தாங்கியில் வைத்து, காலில் தண்ணீர்க் கிண்ணம் மாட்டுங்கள். எறும்பு ஏறாது. கிண்ணத்தில் விழுந்த சருகை எடுத்துப் போடாவிட்டால் அதுவே எறும்புக்குப் பாலம். இரவில் வாசலை அடைத்துக் கொண்டுவந்து, இடத்தில் வைத்து, மறுநாள் மாலையில் திறங்கள். அப்புறம் ஒரு வாரம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தேன் காலம்

ரப்பரில் தேன் பூவிலிருந்து வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. செம்பு நிறத்தில் வரும் இளந்தளிரின் காம்பு நுனியில், மூன்று இலைகளும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னச் சுரப்பிகள் பளபளக்கும், நாக்கில் வைத்தால் இனிக்கும். ஈ வருவது அதற்குத்தான். அந்த நாளில் மழை அடித்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

தளிர் விடும் முன்பே, தேன் சேரும் மேல்தட்டைப் பெட்டியின் மேல் ஏற்றிவிடுங்கள். அடையில் முக்கால்வாசி மெழுகால் மூடியபிறகு எடுத்தால் தேன் புளிக்காது. ரப்பர்த் தேனில் இயல்பாகவே நீர் அதிகம், அவசரப்பட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தேனைச் சுழற்றி எடுக்கும் இயந்திரத்தைச் சொந்தமாக வாங்காமல் அக்கம்பக்கத்தில் இரவல் கேளுங்கள். 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபிறகு வாங்குபவர்கள் தரத்தைத் துருவிக் கேட்கிறார்கள், ஆகவே இதில் சமரசம் வேண்டாம்.

மழை மாதங்கள்

சரி, விஷயத்துக்கு வருவோம். ஜூனில் தொடங்கி நான்கைந்து மாதம் ஈக்கு வெளியே தீனி இல்லை. பசித்தால் அடுக்குத் தேனீ பெட்டியைக் கைவிட்டுப் பறந்துவிடும். காலையில் திறந்தால் வெறும் அடைதான் இருக்கும்.

வாரம் ஒருமுறை, ஒரு பெட்டிக்கு 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறவையுங்கள். ஒரு சிரட்டையில் ஊற்றி, ஈ மூழ்காமல் நின்று குடிக்க நாலைந்து ஈர்க்குச்சித் துண்டுகளை மேலே போட்டு, பெட்டிக்குள் மேல்தட்டில் வையுங்கள். பொழுது சாய்ந்தபிறகுதான் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் அடுத்த பெட்டி ஈக்கள் மோப்பம் பிடித்துக் கொள்ளையடிக்க வரும். இரண்டு மூன்று பெட்டி இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே மாலையில் வையுங்கள்.

அடுத்தது இடம். ஈ மூன்று அடையை மட்டும் மூடியிருக்கும்போது ஆறு அடையை விட்டுவைத்தால் காலி அடையில் மெழுகுப்புழு நுழையும். அடைக்குள் வெள்ளை நூலாம்படை ஓடினால் அதுதான். ஈ இல்லாத கறுத்த அடைகளை எடுத்துவிட்டு, மிச்சத்தை நெருக்கி, பக்கத்தில் ஒரு பலகையைச் செருகுங்கள். அடிப்பலகையில் சேரும் மெழுகுத்தூளை வாரம் ஒருமுறை துடையுங்கள். புழுவுக்கு அதுதான் முதல் தீனி.

துலாம் மழை ஓய்ந்ததும் கூடு பெருகும், அடையின் கீழ் ஓரத்தில் விரல் நுனி அளவில் ராணி அறைகள் தொங்கும். கூட்டம் பிரிந்து பறந்துவிடாமல் இருக்க அவற்றை நறுக்குவது வழக்கம், ஆனால் நறுக்குமுன் அடையில் முட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய ராணி ஏற்கெனவே கூட்டத்தோடு பறந்துபோயிருந்தால், நீங்கள் நறுக்குவது அந்தப் பெட்டியின் கடைசி ராணியை.

பின்சேர்க்கை: சர்க்கரைப் பாகு வைத்த மறுநாள் வாசலில் ஈக்கள் கட்டிப்புரண்டு சண்டை போடுகின்றன என்று களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அது கொள்ளைதான். வாசலை ஒரு ஈ, இரண்டு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள். பெட்டியில் வெடிப்பு இருந்தால் களிமண்ணால் அடையுங்கள். சண்டை ஓயும்வரை பாகு வைப்பதை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது பலமான பெட்டிக்கும் சேர்த்தே ஊற்றுங்கள், பெரும்பாலும் கொள்ளைக்கு வருவது அதுதான்.