டெயில் லைட் ஓரமாக டிக்கிக்குள் தண்ணீர் இறங்கினால்: நீங்களே சரிசெய்யும் முறை

மழை விட்ட மறுநாள் டிக்கியைத் திறந்ததும் ஈர வாடை அடிக்கும். மேட்டைத் தூக்கிப் பார்த்தால் ஸ்டெப்னி குழியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். எஸ்டீம், ஆக்சென்ட், ஐகான் போன்ற பழைய டிக்கி வண்டிகளில் இப்படி இருந்தால் முதலில் டெயில் லைட்டைச் சந்தேகப்படுங்கள். லைட்டுக்கும் பாடிக்கும் நடுவே தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒரு ஃபோம் பட்டை, அதாவது கேஸ்கெட், உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் வருஷக்கணக்கில் காய்ந்து அது அப்பளம் மாதிரி தட்டையாகி, இறுகிப்போய்விடும். பிறகு ஐப்பசி மழை அந்த இடைவெளியில் உள்ளே இறங்கும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் பல்பு ஹோல்டரில் பட்டால் பச்சைக் களிம்பு பிடித்து, பிரேக் லைட் விட்டு விட்டு எரியும். தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னால் வரும் லாரிக்காரர் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார்.

லைட்டைச் சுற்றி வெளியே சிலிக்கான் பூசி முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். பூச்சில் எங்காவது மயிரிழை விட்டாலும் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தங்கி, தகடு துருப்பிடிக்கும். அடுத்த முறை பல்புப் பெட்டியைக் கழற்றும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்து வரும்.

1. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

கண்ணாடிக்குள் மட்டும் ஆவி படிகிறது, டிக்கி காய்ந்திருக்கிறது என்றால் பழுது லைட்டில்தான் இருக்கிறது. அதை 4-ஆம் படியில் பார்ப்போம். டிக்கி நனைந்தால் மேட், ஓரத்து அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உள்பக்கத்தைத் துணியால் ஒற்றிக் காயவிடுங்கள். லைட்டுக்குக் கீழே உள்ள தகட்டில் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். டிக்கியை மூடிவிட்டு, ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். முதலில் பம்பரை ஒட்டி, அப்புறம் லைட்டின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, டிக்கி பீடிங் (டிக்கி வாயைச் சுற்றியுள்ள ரப்பர்), கடைசியாகப் பின் கண்ணாடி. ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு நிமிடம் கொடுத்து, நடுவில் திறந்து பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து ஒன்றும் புரியாது. வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டவே வேண்டாம். அது நல்ல கேஸ்கெட்டையும் தாண்டித் தண்ணீரைத் தள்ளிவிடும்.

பொடியில் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். குளம் கட்டிய இடத்தை விட்டுவிட்டு, அந்தக் கோட்டை மேல்நோக்கித் தொடருங்கள். பெரும்பாலும் லைட்டின் போல்ட் துளை ஒன்றில் போய் முடியும்.

2. கழற்றுவது

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஒயரும் ஹோல்டரும் இருக்கும் நிலையை போனில் படம் எடுத்துக்கொண்டு, ஹோல்டர்களைத் திருகி எடுங்கள். உள்ளே மூன்று அல்லது நான்கு நட்டு இருக்கும். பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் போதும். துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துக் கால் மணி நேரம் பொறுங்கள். முறுக்கினால் பிளாஸ்டிக்கில் பதிந்த போல்ட்டே சுழன்றுவிடும். வண்டியை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, உள்ளிருந்து போல்ட் முனைகளை உள்ளங்கையால் அழுத்துங்கள். பசை இளகி லைட் வந்துவிடும். வெளியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கண்ணாடி கீறும், பெயிண்ட் பெயரும்.

3. சுத்தம்

வேலையில் பாதி இதுதான். பழைய ஃபோமைப் பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டுங்கள். பாடியில் ஒட்டியிருக்கும் பசைக்கு மண்ணெண்ணெய் போதும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் புதிய கேஸ்கெட் ஒட்டாது. சிவப்புக் கண்ணாடியில் தின்னர், பெட்ரோல் படக்கூடாது. பிளாஸ்டிக் முழுக்க நுண்ணிய விரிசல் விட்டுவிடும்.

துளை ஓரத்தில் துரு இருந்தால் 180 உப்புத்தாளால் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட், மேலே டச்-அப் பெயிண்ட். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும்.

4. லைட்டைச் சோதிப்பது

கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி, பல்பு துளையும் காற்று போகும் துளையும் நனையாத உயரத்துக்கு வாளித் தண்ணீரில் ஐந்து நிமிடம் பிடியுங்கள். உள்ளே துளி தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. சின்ன விரிசலுக்கு நிறமற்ற எப்பாக்சி பூசலாம். ஓரம் முழுக்க விட்டிருந்தால் புதிய லைட் வாங்குவதே மேல். கம்பெனி விட்ட காற்றுத் துளையை அடைத்துவிடாதீர்கள். ஆவி வெளியேற அதுதான் வழி.

5. புதிய கேஸ்கெட்

அந்த மாடலுக்கான கேஸ்கெட் கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் ஏசி வேலைக்கான பொருள் விற்கும் கடையில் 6 எம்எம் தடிமன், 10 எம்எம் அகல நைட்ரைல் ஃபோம் டேப் கேளுங்கள். வாங்கும் முன் ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் அது ஸ்பாஞ்சு, உதவாது.

பழைய கேஸ்கெட் தடத்திலேயே, இழுக்காமல் ஒட்டிவாருங்கள். இழுத்து ஒட்டினால் சில நாளில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். இரு முனைகளும் சேரும் இடம் கீழ் விளிம்பில் வரட்டும். முனைகளைச் சாய்வாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்று படியச் செய்யுங்கள். அடுத்து, பலர் விட்டுவிடும் ஒரு வேலை: ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் பியூட்டைல் டேப்பை (களிமண் போல் ஒட்டும் ரப்பர் பட்டை) திரித்து மோதிரம் போல் ஒரு சுற்று வையுங்கள். கேஸ்கெட்டுக்கு வெளியே இருக்கும் போல்ட் துளைக்கு வேறு காவல் கிடையாது. சிலிக்கான்தான் கைவசம் இருக்கிறது என்றால் நியூட்ரல் வகையாகப் பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும் வகை தகட்டை அரிக்கும்.

6. மாட்டுவது

எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். பிறகு குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. ஃபோம் சுற்றிலும் சமமாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் முறுக்கினால் போல்ட் பிய்ந்துகொண்டு வரும். ஹோல்டரில் களிம்பு இருந்தால் உப்புத்தாளால் சுரண்டி, பல்பை மாட்டி, பேட்டரி நெகட்டிவைத் திரும்ப இணைத்து எரிகிறதா என்று பாருங்கள். பிரேக் பல்பு பல வண்டிகளில் 12 வோல்ட் 21/5 வாட்.

ஹோஸ் சோதனையை அதே வரிசையில் மறுபடி செய்யுங்கள். இன்னும் ஈரம் வந்தால் டிக்கி பீடிங், பின் கண்ணாடி ரப்பர், பம்பருக்குள் இருக்கும் காற்றுப் போக்கி ஆகியவற்றைப் பாருங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் மாமரத்தடியில் நிற்கும் வண்டிகளில் பூவும் சருகும் டிக்கி ஓரத்துக் கால்வாயை அடைத்து, தண்ணீர் பீடிங்கைத் தாண்டி வழியும். பழைய பல் பிரஷ்ஷால் தள்ளிவிட்டால் போதும்.

ஸ்டெப்னி குழியின் ரப்பர் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, காய்ந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள். திறந்தே விட்டால் புழுதியும் புகையும் உள்ளே ஏறும். மேட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளியை இரண்டு நாள் வெயிலில் போட்டபின்தான் விரிக்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். ஃபோம் படிந்து சற்றுத் தளர்ந்திருந்தால் அரைக்கால் சுற்று ஏற்றலாம்.