சத்துணவில் குறையா? மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்

சாப்பாடு சரியில்லை என்று பிள்ளை வந்து சொன்னதும் பெற்றோர் பலர் வட்டாரக் கல்வி அலுவலருக்குத்தான் மனு எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்த மனு அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடும் வராண்டா பள்ளிக் கல்வித் துறையுடையது. அடுப்பும் அண்டாவும் சமூக நலத் துறையின் பொறுப்பு. மத்திய அரசில் இந்தத் திட்டத்தைக் கல்வி அமைச்சகம் நடத்துகிறது, கேரளம் உட்படப் பல மாநிலங்களிலும் கல்வித் துறைதான். இங்கே வேறு மாதிரி என்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள். சத்துணவு மையத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர். கிராமப்புறத்தில் அவர்களுக்கு மேல் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவைப் பார்க்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலர். நகராட்சி, மாநகராட்சிப் பகுதியில் ஆணையர். மாவட்டத்தில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு). சாப்பாட்டின் அளவு, தரம், முட்டை, பணியாளர் பிரச்சினை எல்லாம் இந்த வரிசையில்தான் போக வேண்டும். ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களைப் பொறுப்பாகப் பார்த்தால் எந்த மையமும் ஒழுங்காக நடக்காது. காலியிடத்தை நிரப்பக் கேட்கும் மனுவை நேராக ஆட்சியருக்கே எழுதுங்கள், நியமனம் அவர் கையில் இருக்கிறது.

அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகின்றன. வண்டு விழுந்த அரிசிக்குச் சமையலரைத் திட்டிப் பயனில்லை. எந்த மாதம் இறங்கிய மூட்டை என்று இருப்புப் பதிவேட்டில் பார்த்து, அந்தத் தேதியோடு எழுதினால்தான் மூட்டை மாற்றிக் கிடைக்கும். மூட்டையை இறக்கும்போதே எடை போடச் சொல்லுங்கள். அங்கே இரண்டு கிலோ குறைந்தால் பதிவேட்டில் அது குறையாது, பிள்ளைகளின் தட்டில்தான் குறையும். சமையலறைக் கூரை ஒழுகுவது, தண்ணீர் வராதது போன்றவை கட்டடத்தையும் குழாயையும் பராமரிக்கும் ஊராட்சி ஒன்றியத்துக்கோ நகராட்சிக்கோ போக வேண்டியவை. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட தீ, சத்துணவு சமைத்த இடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குப் பரவியதுதான்.

மனு எழுதும் முன் கணக்கைச் சரிபாருங்கள். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். மத்திய விதிப்படி காய்கறி முறையே 50 கிராம், 75 கிராம். அன்று சாப்பிடுவோர் சின்ன வகுப்பில் 60, பெரிய வகுப்பில் 40 என்றால் 6 கிலோவும் 6 கிலோவுமாக 12 கிலோ அரிசி உலையில் விழ வேண்டும். காய் 6 கிலோ. வகுப்பு வருகைப் பதிவேட்டையும் சத்துணவுப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருகை 82, சாப்பிட்டோர் 100 என்றிருந்தால் அந்த 18 பேருக்கான அரிசி எங்கே போனது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முட்டையில் ஒரு விஷயம் கவனியுங்கள். வேகவைத்த மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை சாம்பல் வளையம் தெரிந்தால் அது கெட்டுப்போன முட்டை இல்லை, அதிக நேரம் கொதித்த முட்டை. பச்சை முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் அது பழையது. உடைத்ததும் நாற்றம் வந்தால் தட்டில் வைக்கவே விடக்கூடாது. சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம் வந்தால் 108-ஐ அழைத்த கையோடு மீதி உணவைக் கொட்டாமலும் பாத்திரத்தைக் கழுவாமலும் மூடி வைக்கச் சொல்லுங்கள். மாதிரி எடுப்பது உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலை. அவர் வருவதற்குள் அண்டா கழுவப்பட்டிருந்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தத் திட்டத்தை இங்கேயும் கல்வித் துறைக்கு மாற்றிவிடலாம் என்று அவ்வப்போது பேச்சு வரும். எங்கள் கருத்தில் அது தவறு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் கண்டாமன் கிராமப் பள்ளியில் 23 பிள்ளைகள் இறந்தார்கள். பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்ததுதான் காரணம். மளிகை வாங்குவதும் இருப்பு வைப்பதும் அங்கே தலைமை ஆசிரியர் தலையில் இருந்தது. பாடம் நடத்த வேண்டியவர் கையில் கொள்முதலைக் கொடுத்தால் இரண்டும் கெடும். சமையலுக்கென்று தனி அமைப்பாளர் இருக்கும் நம் ஏற்பாடே நல்லது. ஆனால் துறை வேறு என்பதைச் சாக்காக வைத்துத் தலைமை ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. மத்திய அரசின் மதிய உணவு வழிகாட்டுதல்களின்படி பரிமாறும் முன் இரண்டு மூன்று பெரியவர்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவர்களில் ஒருவராவது ஆசிரியராக இருக்க வேண்டும். அதைக் குறிக்கும் சுவைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாத நாட்கள் இருந்தால், அந்தப் புகார் மட்டும் கல்வி அலுவலருக்குப் போகட்டும்.

2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகளில் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அரிசி இல்லை, எரிபொருள் இல்லை, சமையலர் வரவில்லை என்று எந்தக் காரணத்தால் சாப்பாடு போடாவிட்டாலும், அன்றைய தானியமும் சமையல் செலவும் உணவுப் பாதுகாப்புப் படியாக அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாட்களோ மாதத்தில் ஐந்து நாட்களோ போடவில்லை என்றால் பொறுப்பு யாருடையது என்று மாநில அரசு நிர்ணயிக்க வேண்டும். பிள்ளை தானாகச் சாப்பிட மறுத்தால் படி கிடையாது.

மனுவில் பள்ளியின் பெயர், தேதிகள், வகுப்பு, எத்தனை பிள்ளைகள், என்ன குறை ஆகியவை இருந்தால் போதும். "ரொம்ப நாளாகவே சரியில்லை" என்று எழுதினால் விசாரிக்க வருபவருக்குப் பிடிமானம் கிடைக்காது. முதலில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பிறகு ஒன்றிய அலுவலகம். அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், அல்லது 1100-இல் பதியுங்கள். பதிவேட்டைக் காட்ட மறுத்தால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். அந்த மனு தப்பான அலுவலகத்துக்குப் போயிருந்தாலும் பிரிவு 6(3)இன்படி ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.