செயலி வேண்டாம், ஓர் இணைப்பு போதும்: உலாவியிலேயே பேசுவது எப்படி?

மகள் சிங்கப்பூரில், பெற்றோர் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில். இப்படிப்பட்ட வீடுகள் இங்கே நிறைய. 2025 மே மாதம் இணைய அழைப்புச் சேவையான ஸ்கைப் மூடப்பட்டதும், அதிலேயே பழகிவிட்ட பெரியவர்கள் புதுச் செயலி, புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல் என்று மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. என் மாமிக்கு நான் அமைத்துக் கொடுத்தது வேறு வழி: கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கும் குரோம் உலாவியிலேயே பேசுவது. பெரியவர்கள் எதையும் நிறுவ வேண்டாம், கணக்கும் வேண்டாம்.

இதற்கு அடிப்படை வெப்ஆர்டிசி என்ற தொழில்நுட்பம். குரலைச் சுருக்குவது, மறையாக்கம் செய்து அனுப்புவது எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கும். கூகல் 2011இல் இதன் மூலநிரலை வெளியிட்டது. 2021 ஜனவரியில் இது வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் அதிகாரப்பூர்வத் தரமானது. முன்பு இணையத் தொலைபேசி என்றால் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளை நம் கருவியில் ஏற்றியாக வேண்டும். இப்போது வலைப்பக்கத்துப் பொத்தானைத் தட்டியே வாடிக்கையாளர் சேவையோடு பேச முடிகிறது.

படி 1: அறை. என் தேர்வு ஜிட்சி மீட் என்ற காணொளி அழைப்புச் சேவை. இலவசம், திறமூலம் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது). பிள்ளைகளில் ஒருவர் அதன் தளத்தில் அறைக்குப் பெயர் கொடுக்கட்டும். ‘அம்மா’, ‘குடும்பம்’ வேண்டவே வேண்டாம். அதே பெயரை வேறு யார் தட்டினாலும் உங்கள் அறைக்குள் வந்து நிற்பார்கள். நீளமான, யாரும் ஊகிக்க முடியாத பெயராக, ரோமன் எழுத்தில் வையுங்கள். 2023 ஆகஸ்டு முதல் அறையைத் திறப்பவர் கூகல் போன்ற ஒரு கணக்கால் உள்நுழைய வேண்டும். மற்றவர்களுக்கு அது தேவையில்லை.

படி 2: இணைப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பி, பெரியவரின் கைப்பேசியில் குரோமில் திறக்கவும். செயலியில் சேரச் சொல்லிப் பக்கம் கேட்டால், உலாவியில் சேரும் தெரிவைத் தட்டவும். அப்புறம் மூன்று புள்ளிப் பட்டியலுக்குப் போய் இணைப்பை முகப்புத் திரையில் வைத்துவிடுங்கள்.

படி 3: மைக் அனுமதி. பெரும்பாலோர் நிற்கும் இடம் இதுதான். படம் தெரியும், குரல் போகாது. காரணம், அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: குரோமில் அந்தத் தளத்துக்கு, கைப்பேசியில் குரோமுக்கு. பயந்துபோய் ஒருமுறை ‘தடு’ என்று தட்டியிருந்தால், குரோம் அதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்காது. முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி, அனுமதிகளில் மைக்ரோஃபோனைத் திறந்துவிடுங்கள். அது சரியாக இருந்தும் குரல் போகவில்லையா? கைப்பேசியின் அமைப்புகளில் செயலிகள், குரோம், அனுமதிகள் என்று போய் அங்கேயும் மைக்கைத் திறக்கவும். இரண்டும் திறந்திருந்தால்தான் பேச முடியும். பிறகு பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள்.

படி 4: டேட்டா. தோட்டத்துக்குள் லைன் மெலிந்தால் கேமராவை அணைத்துவிடுங்கள். வெப்ஆர்டிசியில் குரலைச் சுருக்கும் ஓபஸ் கோடெக் நொடிக்கு 6 கிலோபிட் வரை இறங்கியும் குரலைக் கொண்டுபோகும். படம்தான் டேட்டாவைத் தின்பது.

இந்த முறையில் மணி அடிக்காது. அதனால் நேரம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்; மாமி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவசர எண்ணான 999ஐயும் இதில் அழைக்க முடியாது. ஆகவே சிம் கார்டில் டாப் அப் எப்போதும் இருக்கட்டும், தயவுசெய்து.

பிற்சேர்க்கை: வீட்டில் நன்றாக வேலை செய்கிறது, அலுவலக வைஃபையில் குரல் வரவில்லை என்று வாசகர்கள் எழுதினார்கள். அங்கே யுடிபி போக்குவரத்தை, அதாவது இந்தக் குரல் வழக்கமாகப் போகும் வழியை, தடுத்திருக்கலாம். டர்ன் என்ற இடைநிலைச் சேவையகம் டிசிபி என்ற வேறு வழியே சுற்றிக் கொண்டுபோக முயலும். அதையும் அடைத்திருந்தால் கைப்பேசி டேட்டாவுக்கு மாறிப் பேசுங்கள். பேஸ்புக் செயலிக்குள் திறந்தபோது மைக்கே கேட்கவில்லை என்றார் ஒருவர். அந்த உள் உலாவியை விட்டு வெளியே வந்து, இணைப்பை குரோமில் ஒட்டித் திறக்கவும்.