தொப்பிச் சின்னமா? முதலில் கிரீடத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரின் செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தாத்தா வேலை பார்த்த வீடுகளில், பழைய தகர டப்பாவைத் திறந்தால் தொப்பிச் சின்னம் ஒன்று கிடைப்பதுண்டு. எந்தக் காலத்தது என்று அறிய, நங்கூரத்தை விட்டுவிட்டு மேலே உள்ள கிரீடத்தைப் பாருங்கள்.

பிரிட்டிஷ் கடற்படைச் சின்னத்தில் கிரீடத்தின் வளைவுகள் குடை கவிழ்த்ததுபோல் உருண்டு இருந்தால், அது மன்னர் காலம்: 1901 முதல் 1950களின் தொடக்கம் வரை. வளைவுகள் நடுவில் சற்றுக் குழிந்து தோள் தூக்கினாற்போல் இருந்தால் எலிசபெத் ராணி காலம். 1971இல் பிரிட்டிஷ் படைகள் இங்கிருந்து கிளம்பும்போது அணிந்திருந்தது இந்த இரண்டாவது வகைதான்.

ஒரு சிக்கல். சார்லஸ் மன்னரானதும் உருண்ட கிரீடமே திரும்பி வந்துவிட்டது. நேற்றுத் தைத்ததை ‘ஜப்பான்காரன் காலத்துச் சரக்கு’ என்று தலையில் கட்டிவிடுவார்கள். நானே ஒருமுறை ஏமாந்தேன். அதனால் திருப்பிப் பாருங்கள். பழைய ஜரிகை கறுத்திருக்கும், பின்துணி மங்கியிருக்கும், தொப்பியில் தைத்த ஊசித்துளைகள் தெரியும். பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

கிரீடத்துக்குப் பதில் அசோகச் சிங்கங்களா? அது 1950க்குப் பிந்தைய இந்தியக் கடற்படை.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். குத்துவிளக்கு இல்லை இது; கறுப்போடு மதிப்பும் போய்விடும்.