பௌர்ணமிக்கு முந்தின நாள்

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பை ஒட்டி ஒரு சின்னக் கரடு இருக்கிறது. அதன் உச்சியில் தங்கச்சியை நிற்கவைத்து, பின்னால் முழு நிலா வருகிற மாதிரி ஒரு படம். இதற்காக மூன்று பௌர்ணமி அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் நிலா இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பை அப்பின மாதிரி ஒரு பொட்டு. அவள் முகம் முழு இருட்டு.

முதல் தப்பு, நாள். பௌர்ணமியன்று நிலா ஏறக்குறைய சூரியன் மறையும்போதுதான் எழும். அது கரட்டு உச்சிக்கு ஏறுவதற்குள் வானம் கறுத்துவிடும். முந்தின நாளோ முக்கால் மணி நேரம் போல முன்னாடியே வந்துவிடுகிறது. பார்வைக்கு முழு வட்டம்தான், மாலை வெயிலும் ஆள்மேல் இருக்கும்.

அடுத்தது தூரம். வானத்தில் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். கிட்ட நின்று எடுத்தால் ஆள் பெரிசு, நிலா கடுகு. மேற்கே 200 மீட்டர் தள்ளி வரப்புக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் அவள் உயரமும் நிலா வட்டமும் கிட்டத்தட்ட சமம்! இரவல் வாங்கிய 300 மில்லிமீட்டர் லென்ஸ், முக்காலி. நிலா என்பது வெயில் பட்ட பாறை, அதற்குப் பகல் வெளிச்சத்துக்கு வைக்கிற கேமரா அளவுதான் சரி. ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 11, ஷட்டர் 1/100 வினாடி என்று தொடங்கினேன். அடிவானப் புழுதியில் மங்கலாகத் தெரிந்ததால், வெளிச்சம் கூட விழட்டும் என்று ஷட்டரை 1/30 வரை இறக்கினேன்.

இரண்டு நிமிஷத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். போனில் "அசையாதே பாப்பா" என்று சொல்லிக்கொண்டே முக்காலியோடு இடப்பக்கம் நகர்ந்தேன்.

ஐந்தாவது படத்தில் அவள் தாவணி முனை பறந்து, நிலாவின் சாம்பல் திட்டுமேல் விழுந்திருக்கிறது.